பிரெஞ்சுச் சுட்டுப் பெயர்களும் தமிழ் மாணவரும்

தோற்றுவாய்

பிறமொழி கற்கப் புகும் மாணவர், அம்மொழியின் வினைச்சொற்களையும் நீண்ட பெயர்ச்சொற்களையும் கண்டு அஞ்சுவாரேயன்றி, 'இது', 'அது' என்னும் சிறு சொற்களைக் கண்டு அஞ்சுவாரல்லர். ஆயின், பெருஞ்சொல்லில் பிழைத்தோமாயின் கேட்பவர் நகைத்தேனும் திருத்திவிடுவர். சிறு சொல்லில் பிழைத்தோமாயின், வாக்கியம் குறையின்றி நிற்கப் பொருள் மட்டும் மாறிவிடும். இதனை யான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன், பட்டறிந்தேன்.

யான் கல்லூரியில் பிரெஞ்சு பயின்றுவந்த காலத்தில், சிவகாசியில் அச்சகம் நடத்திய அண்ணாச்சி ஒருவர், ரெயூனியன் தீவிலிருந்து வந்த ஒரு கடிதத்தை என்னிடம் தந்து தமிழாக்கித் தருமாறு கேட்டார். அத் தீவு பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. தமிழர் வழிவந்தோர் பலர் ஆங்கு வாழ்கின்றனர். இரு வகை நாட்காட்டிகள் வேண்டுமென்று அக் கடிதம் கூறிற்று. முதலில் மலையும் ஏரியும் எழுதிய படம் கூறப்பட்டது. பின்னர்க் குத்துவிளக்கு எழுதிய படம் கூறப்பட்டது. அதன்பின், 'ஸெலுயி-ஸி' 2,000 படியும், 'ஸெலுயி-லா' 500 படியும் அனுப்புக என்றிருந்தது. முதலிற் கூறியது 'இது' என்றும், அடுத்துக் கூறியது 'அது' என்றும் யான் கொண்டு, மலைப்படம் 2,000 என்றும் விளக்குப்படம் 500 என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மை அதற்கு நேர்மாறானது. மெய்ப்பில் படந்தான் தெரியுமேயன்றி எண்ணிக்கை தெரியாதாகையால், பிழை சரக்குச் சென்று சேர்ந்த பின்னரே வெளிப்பட்டது. ஆண்டு பிறந்தபின் நாட்காட்டிக்கு விலை ஏது? நட்டத்தை அண்ணாச்சியே ஏற்றுக்கொண்டார். என்னை அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "தம்பி, ஐயம் இருந்திருந்தால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். எனக்கு ஐயமே எழவில்லை என்பதுதான் என் குற்றம்.

அன்று தொடங்கி இச் சிறு சொற்களைக் கூர்ந்து நோக்கலானேன். நோக்க நோக்க ஒன்று விளங்கிற்று. பிரெஞ்சுச் சுட்டுப் பெயர்களுக்குரிய திறவுகோல் நம் தமிழிலக்கணத்திலேயே இருக்கின்றது. நாம் அதனை வகுப்பறைக்கு வெளியே வைத்துவிட்டு ஆங்கிலத்தின் வழியே நுழைய முயல்வதால்தான் இடறுகின்றோம். இதனை மாணவர்க்கு எடுத்துக்காட்டுவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

பிரெஞ்சு ஒலிகள் தமிழெழுத்தில் முற்றும் அமையா. ஈண்டுத் தரும் வடிவங்கள் அடையாளமே. சரியான ஒலிப்பை ஆசிரியர் வாய்க் கேட்டுக்கொள்க.

சுட்டின் வகை

அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டு எனத் தொல்காப்பியமும் நன்னூலும் கூறும். இகரம் அண்மையையும், அகரம் சேய்மையையும், உகரம் இவற்றின் இடைநின்றதையும் காட்டும். 'அப்பெட்டி', 'இப்பெட்டி' எனச் சுட்டெழுத்துச் சொல்லின் புறத்தே நிற்பது புறச்சுட்டு. 'அவன்', 'இது' எனச் சொல்லின் உள்ளேயே நிற்பது அகச்சுட்டு. 'அந்தப் பெட்டி', 'இந்தப் பெட்டி' என்பவற்றில் அது திரிந்து நிற்பதால் சுட்டுத்திரிபு எனப்படும்.

பிரெஞ்சிலும் இவ்விரு நிலைகள் உண்டு. பெயருக்கு முன்னே அடையாய் நிற்கும் சுட்டு ஒரு வகை: ஆண்பாலொருமைக்கு 'ஸெ', அதுவே உயிரொலியின் முன் 'ஸெத்', பெண்பாலொருமைக்கும் 'ஸெத்', பன்மைக்கு 'ஸே'. இவை நம் 'அந்த', 'இந்த' என்பவற்றின் இடத்தில் நிற்பன. பெயரை நீக்கி அதன் இடத்தில் தானே நிற்கும் சுட்டுப் பெயர் மற்றொரு வகை: ஆண்பாலொருமை 'ஸெலுயி', பெண்பாலொருமை 'ஸெல்', ஆண்பாற்பன்மை 'ஸோ', பெண்பாற்பன்மை 'ஸெல்'. 'ஸோ' என்பதனை ஒலிக்குங்கால் இதழ் ஓகாரத்துக்குக் குவிய, நா ஏகாரத்துக்கு நிற்றல் வேண்டும். 'ஸெல்' என்பதன் ஒருமையும் பன்மையும் எழுத்தில் வேறுபடுமன்றி ஒலியில் வேறுபடா.

அடையையும் பெயரையும் மயக்குதலே மாணவர் செய்யும் முதற்பிழை. 'அந்தப் பெட்டி' என்பதில் பெட்டியை நீக்கினால் 'அந்த' என்பது தனித்து நில்லாது. 'அது' என மாற வேண்டும். பிரெஞ்சிலும் பெயரை நீக்கியவுடன் 'ஸெத்' நீங்கி 'ஸெல்' வருதல் வேண்டும். 'அந்த வேண்டும்' என்று சொல்லத் தமிழ்நா கூசுமன்றோ? அக் கூச்சத்தைப் பிரெஞ்சுக்கும் கொண்டுசெல்க.

பால் வேறுபாடு

தமிழில் பால் பொருளைப் பற்றியது. உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என்பனவும், அஃறிணைக்கு ஒன்று, பல என்பனவும் உரியன. பிரெஞ்சிலோ பால் சொல்லைப் பற்றியது. உயிரற்ற பொருளின் பெயரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தே தீரும். நம்மூர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். தீக்குச்சியின் பெயராகிய 'அலுமெத்' பெண்பால். பெட்டியின் பெயராகிய 'புவாத்' பெண்பால். வெடியின் பெயராகிய 'பெத்தார்' ஆண்பால். வானிற் பாயும் வாணத்தின் பெயராகிய 'ஃப்யுஸே' பெண்பால். நாட்காட்டியின் பெயராகிய 'கலாந்த்ரியே' ஆண்பால். வெடி ஆணாகவும் வாணம் பெண்ணாகவும் இருப்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. சொல்லைக் கற்கும்போதே பாலையும் சேர்த்துக் கற்பதொன்றே வழி.

சுட்டுப் பெயர், தான் குறிக்கும் சொல்லின் பாலையே ஏற்கும். வாணத்தைக் குறித்தால் 'ஸெல்', வெடியைக் குறித்தால் 'ஸெலுயி'. மக்கட்கும் இவ்விதியே. 'ஆள்' என்னும் பொருளுடைய 'பெர்ஸொன்' என்பது பெண்பாற்சொல். எனவே அவ்வாள் ஆண்மகனாயினும், அச்சொல்லைச் சுட்டுங்கால் 'ஸெல்' என்றே வரும். பிரெஞ்சு மாணவன் பொருளை நோக்கற்க; சொல்லை நோக்குக.

தனித்து நில்லாமை

இனி, இப் பாடத்தின் நடுநாயகமான விதிக்கு வருவோம். 'ஸெலுயி' முதலிய நான்கும் ஒருபோதும் தனித்து நில்லா. அவற்றைத் தொடர்ந்து மூன்றனுள் ஒன்று வருதல் வேண்டும். ஒன்று, 'ஸி' அல்லது 'லா' என்னும் இடைச்சொல். இரண்டு, 'தெ' என்னும் உடைமைச் சொல்லோடு கூடிய பெயர். மூன்று, 'கி', 'கெ' முதலிய இணைப்புச் சொற்களால் தொடங்கும் துணைவாக்கியம். 'அது நல்லது' என்பதனை மொழிபெயர்க்கப் புகும் மாணவன் 'ஸெலுயி' என்று எழுதி உடனே வினையை எழுதிவிடுகின்றான். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கின்றார். மாணவன் விதியை மனப்பாடம் செய்கின்றான், மறுவாரம் மறக்கின்றான். காரணம் விளங்கினால் மறவான்.

தமிழில் 'அண்ணனுடையது' என்னும் சொல்லை நோக்குக. 'என் பெட்டியும் அண்ணனுடையதும்' என்கின்றோம். இதனைப் பிரெஞ்சில் 'மா புவாத் ஏ ஸெல் தெ மோன் ஃப்ரேர்' என்பர். 'என் பெட்டியும், அண்ணனின் அது' என்பது அதன் நடை. நம் சொல்லின் இறுதியில் ஒலிக்கும் 'அது'வே அவர் தொடரின் முதலில் நிற்கும் 'ஸெல்'. நாம் உடைமையை முன்னே வைத்துச் சுட்டைப் பின்னே வைக்கின்றோம். அவர் சுட்டை முன்னே வைத்து உடைமையைப் பின்னே வைக்கின்றனர். கண்ணாடியில் வலக்கை இடக்கையாய்த் தோன்றுவது போல்வது இது.

'வந்தவன்', 'விற்பவர்', 'வெடித்தவை' என்னும் வினையாலணையும் பெயர்களும் இத்தகையனவே. 'வந்தவன்' என்பதனை இலக்கண நூலார் பகுதி, விகுதி, இடைநிலையென்று பிரித்துக் காட்டுவர். அப் பகுப்பை மறுப்பது எம் கருத்தன்று. ஆயினும் பிரெஞ்சு கற்பான் செவிக்கு அதன் இறுதியில் 'அவன்' என்று கேட்பது பேருதவியாகும். 'வந்தவன்' என்பது 'ஸெலுயி கி' என்று தொடங்கும்; 'வந்தவள்' என்பது 'ஸெல் கி' என்று தொடங்கும்; 'வந்தவர்கள்' என்பது 'ஸோ கி' என்று தொடங்கும். நாம் ஒரு சொல்லில் அடக்குவதனை அவர் ஒரு வாக்கியமாக விரிக்கின்றனர்.

'கி', 'கெ' என்பவற்றின் வேறுபாட்டையும் தமிழ் கொண்டே அறியலாம். 'என்னைக் கண்டவன்' என்பதில் கண்டவன் அவனே, அவன் எழுவாய். ஆகவே 'ஸெலுயி கி'. 'நான் கண்டவன்' என்பதில் கண்டது நான், அவன் செயப்படுபொருள். ஆகவே 'ஸெலுயி கெ'. தமிழில் இரண்டும் 'கண்டவன்' என்றே முடிகின்றமையால், வினையைச் செய்தவர் யாரென்று மாணவன் ஒருகணம் நின்று வினவிக்கொள்ளல் வேண்டும்.

இனித் தனித்து நில்லாமைக்குக் காரணம் காண்போம். 'இங்கே நிற்பவன்' என்று சொல்கின்றோம். அவன் நம் அருகிலேயே நிற்கின்றான். இருந்தும் 'நிற்பவன்' என்பதன் இறுதி 'அவன்' என்றே ஒலிக்கின்றது, 'இவன்' என்று ஒலிப்பதில்லை. ஏனெனில், ஆண்டு அது சேய்மையைச் சுட்டும் ஆற்றலை இழந்து, 'ஒருவன்' என்னும் அளவே குறித்து நிற்கின்றது. பிரெஞ்சு 'ஸெலுயி' எஞ்ஞான்றும் அந்நிலையினதே. அது விரலின்றி நிற்கும் கை போல்வது. எதனைச் சுட்டுகின்றது என்பதனைப் பின்வரும் சொல்லே காட்டல் வேண்டும். நம் 'அவன்' தனித்து நிற்பது அதன் முதலில் அகரச்சுட்டு உயிரோடிருப்பதனால். 'ஸெலுயி' தனித்து நில்லாதது அதன் சுட்டு தேய்ந்தமையால்.

சுட்டுத் தேய்ந்த வரலாறு

இத் தேய்வு எங்ஙனம் நேர்ந்தது? பிரெஞ்சின் தாயாகிய இலத்தீனில் 'ஹிக்', 'இஸ்தே', 'இல்லே' என மூன்று சுட்டுகள் இருந்தன. பேசுவோன் அருகிலுள்ளதை முதலாவதும், கேட்போன் அருகிலுள்ளதை இரண்டாவதும், இருவர்க்கும் சேய்த்தாயதை மூன்றாவதும் குறித்தன. தமிழின் இ, உ, அ என்னும் மூன்றனோடு இவை ஒத்திருத்தல் காண்க. பழம்பிரெஞ்சில் இவை இரண்டாய்க் குறுகின. அண்மைக்கு 'ஸிஸ்த்', சேய்மைக்கு 'ஸில்' என்பன வழங்கின. நாளடைவில் இவ்விரண்டும் அண்மை சேய்மை வேறுபாட்டையும் இழந்து, முன்னையதன் வழிவந்தவை பெயருக்கு அடையாகவும், பின்னையதன் வழிவந்தவை தனிப்பெயராகவும் பிரிந்துவிட்டன. வேறுபாடு போனபின் அதன் தேவை போகவில்லை. ஆகவே 'இங்கே' என்பதன் குறுக்கமாகிய 'ஸி' என்பதனையும், 'அங்கே' என்னும் 'லா' என்பதனையும் வாலாக ஒட்டிக்கொண்டனர். 'ஸெலுயி-ஸி' என்பது 'இங்குள்ளது'. 'ஸெலுயி-லா' என்பது 'அங்குள்ளது'. இக்காலப் பேச்சுப் பிரெஞ்சில் 'லா' என்பதும் தேயத் தொடங்கி, அருகிலுள்ளதற்கும் அதனையே பலர் வழங்குகின்றனர்.

நம் மொழியிலும் இழப்பு இல்லாமலில்லை. தமிழகத்துப் பேச்சில் உகரச்சுட்டு மறைந்துவிட்டது. 'உது', 'உவன்' என்பன நமக்குச் செய்யுளிலும் இலக்கண வகுப்பிலும் மட்டுமே எதிர்ப்படுகின்றன. யாழ்ப்பாணத் தமிழரோ கேட்போன் பக்கத்துப் பொருளை 'உது' என்று இன்றும் வீட்டில் வழங்குகின்றனர். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து பெருந்தொகையினராய்ப் பிரான்சு சென்ற அவர்கள், பாரிஸ் நகரில் லா ஷப்பேல் பகுதியைத் தமிழ்க்கடைத் தெருவாக்கினர். இலத்தீனிலிருந்த மூன்று சுட்டையும் இழந்த மொழி வழங்கும் நகரில், மூன்று சுட்டையும் இழவாத தமிழ் கேட்கின்றது. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் தமிழ்ச் சுட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். நம் பக்கத்து ஊரில் எழுந்த அவ்வாராய்ச்சியை நம் மாணவர் படித்தல் தகும்.

எதுவும் என்னவும்

தமிழில் 'இது' என்னும் ஒரு சொல்லுக்குப் பிரெஞ்சில் இரு வகை விடைகள் உண்டு. பெயர் முன்னரே தெரிந்த பொருள்களுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது 'ஸெலுயி-ஸி' அல்லது 'ஸெல்-ஸி' வரும். பெயர் கூறப்படாத பொருளையோ, ஒரு செய்தி முழுவதையுமோ குறிக்கும்போது 'ஸெஸி', 'ஸெலா' என்பன வரும். பேச்சில் 'ஸா' என்று குறுகும். பின்னைய மூன்றும் பால் வேறுபாடு அற்றவை.

எவ்விடத்தில் எது வரும் என்று மயங்குவார்க்கு எளிய சோதனை ஒன்று கூறுவோம். உங்கள் 'இது' எவ்வினாவுக்கு விடை என்று பாருங்கள். 'எது?' என்பதற்கு விடையாயின் 'ஸெலுயி-ஸி' குடும்பம், 'என்ன?' என்பதற்கு விடையாயின் 'ஸெஸி' குடும்பம். கடையில் இரண்டு நாட்காட்டிகளை விரித்து வைத்து 'எது வேண்டும்?' என்றால் 'ஸெலுயி-ஸி'. மூடிய பொட்டலத்தைக் காட்டி 'என்ன வாங்கி வந்தாய்?' என்றால் 'ஸெஸி' அல்லது 'ஸா'. எது, என்ன என்னும் வேறுபாட்டைத் தமிழ்க் குழந்தையும் அறியும். அவ்வறிவே ஈண்டுப் போதியது.

'ஸெ' என்பதற்கு மற்றொரு வேலையும் உண்டு. 'இருத்தல்' என்னும் வினையோடு கூடி 'ஸே' என ஒருமைக்கும், 'ஸெ ஸோன்' எனப் பன்மைக்கும் நின்று ஒருவரையோ ஒன்றையோ அறிமுகஞ் செய்யும். 'இவர் என் அண்ணன்' என்பதற்கு 'ஸே மோன் ஃப்ரேர்' என்க. உயர்திணைக்கு 'இது' வரலாமா என்று தமிழ் மாணவன் தயங்குவான். இவ்விடத்தில் தயங்க வேண்டா. இதில் இழிவு சிறிதுமில்லை.

ஆயின் பிறவிடங்களில் அத்தயக்கம் நன்றே. ஒரு மனிதரைக் குறித்து 'ஸா' என்றால், நாம் ஒருவரை 'அது' என்பது போல அவமதிப்பாகலாம். எதிரில் நிற்பவரை வெறுமனே 'ஸெலுயி-லா' என்பதும், 'அந்த ஆள்' என்று முகஞ்சுளிப்பது போன்றதே. நம் 'இவர்', 'அவர்' என்பவற்றிலுள்ள மதிப்பு பிரெஞ்சுச் சுட்டுப் பெயரில் இல்லை. மதிப்பு வேண்டுமிடத்தில் 'மெஸ்யே' அல்லது 'மதாம்' என்னும் சொல்லைச் சேர்த்தே காட்டல் வேண்டும்.

முன்னதும் பின்னதும்

இனி என் பிழைக்குத் திரும்புவோம். எழுத்தில் இரு பொருள்களைக் கூறியபின் 'ஸெலுயி-ஸி' என்றால் பின்னர்க் கூறியது. 'ஸெலுயி-லா' என்றால் முன்னர்க் கூறியது. ஏன்? படிப்பவன் கண் வரியில் எவ்விடத்தில் நிற்கின்றதோ அவ்விடமே 'இங்கே'. கடைசியாய்க் கூறிய பொருள் கண்ணுக்கு அண்மையில் உள்ளது. முதலிற் கூறியது கடந்து வந்த தொலைவில் உள்ளது. மலைப்படம் தொலைவில்; விளக்குப்படம் அண்மையில். ஆகவே 2,000 என்னும் எண் விளக்குப்படத்துக்கே உரியது.

ஈண்டு மாணவர் ஒன்று கருதுக. தமிழறிவு என்னைத் தவறச் செய்யவில்லை. இகரம் அண்மைச்சுட்டு என்று சிறுவகுப்பிலேயே படித்திருந்தேன். அண்மை என்பது எதனிலிருந்து அண்மை என்று கேட்டிருந்தால் தமிழே என்னைச் சரியான விடைக்குக் கொண்டு சேர்த்திருக்கும். யானோ சுட்டை அளவாகக் கொள்ளாமல் வரிசை எண்ணாகக் கொண்டேன். 'இது' ஒன்றாவது, 'அது' இரண்டாவது என்று கருதினேன். ஒரு வணிகரின் ஓராண்டுச் சரக்கு அதனால் வீணாயிற்று. ஒப்பந்தத்திலும் உயிலிலும் இருவர் பெயரைக் கூறியபின் இச்சொற்கள் வருமாயின், கடன் யாருடையது, நிலம் யாருக்கு என்பதே இவற்றைப் பொறுத்ததாகும். புதுச்சேரி 1954-இல் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கி 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததாயினும், அங்குள்ள பழைய ஆவணங்கள் பல பிரெஞ்சில் எழுதப்பட்டவை. அவற்றைப் படிக்கப் போகும் நம் மாணவர் இவ்விதியை மறத்தல் கூடாது.

பயிற்சி

கீழ்வருவனவற்றுக்கு எச் சுட்டு வருமெனத் தாமே எண்ணிப் பார்த்தபின் விடையை நோக்குக.

1. 'விருதுநகர் மிளகாயும் குண்டூரினதும்.' மிளகாயின் பெயராகிய 'பிமான்' ஆண்பால், உடைமை தொடர்கின்றது. எனவே 'ஸெலுயி தெ குண்டூர்'.

2. 'வானில் வெடித்தவை', வாணங்களைக் குறித்து. 'ஃப்யுஸே' பெண்பால், பன்மை, அவையே எழுவாய். எனவே 'ஸெல் கி'.

3. 'நான் வாங்கியது', நாட்காட்டியைக் குறித்து. 'கலாந்த்ரியே' ஆண்பால், வாங்கியது நான். எனவே 'ஸெலுயி கெ'.

4. 'இது எனக்குப் பிடிக்கவில்லை', நடந்த செய்தி முழுவதையும் குறித்து. 'என்ன பிடிக்கவில்லை?' என்பதற்கு விடை. எனவே 'ஸெலா' அல்லது 'ஸா'.

முடிப்புரை

இதுகாறும் கூறியவற்றால், 'ஸெலுயி' என்பது நம் 'அண்ணனுடையது', 'வந்தவன்' என்பவற்றின் இறுதியில் நிற்கும் சுட்டின் கண்ணாடி நிழல் என்பதும், அது தனித்து நில்லாமைக்குக் காரணம் அதன் சுட்டுவலி தேய்ந்தமையே என்பதும், 'எது', 'என்ன' என்னும் வினாக்களே அதனையும் 'ஸெஸி' என்பதனையும் பிரித்துக் காட்டும் என்பதும், 'ஸி', 'லா' என்பன வரிசையை அன்றித் தொலைவையே குறிக்கும் என்பதும் விளங்கும்.

நம் கல்லூரிகளில் பிரெஞ்சை எடுத்துப் படிக்கும் மாணவர் சிலர், 'தமிழுக்குப் பதில் பிரெஞ்சு' என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கின்றேன். பாடத்திட்டத்தில் அது உண்மையாயிருக்கலாம், படிப்பில் உண்மையன்று. தமிழிலக்கணம் நன்கறிந்தவனே பிரெஞ்சிலக்கணத்தை விரைந்து பற்றுவான். ஆகவே அவர்கள் நன்னூலை அலமாரியில் பூட்டிவிடாமல் பிரெஞ்சு நூலின் பக்கத்தில் வைத்துப் படிப்பாராக. பிறருக்காக ஒரு வரி மொழிபெயர்க்க நேர்ந்தால், சிறு சொல் வந்தவிடத்தில் சற்றே நின்று, ஐயமிருப்பின் கேட்டு எழுதுவாராக.